விலை கேட்டவர் யார், எவ்வளவு கேட்டார்?

நேயர்களுக்கு வணக்கம்.

காணி ஒன்று கைமாறும்போது உறுதி என்கிற காணிப் பத்திரத்தைப் பார்க்க நொத்தாரிசு இருக்கிறார், எல்லையைப் பார்க்க நில அளவையாளர் இருக்கிறார், காணிப் பதிவகத்தில் தோம்பு என்கிற பதிவேடு இருக்கிறது. வாங்க வந்தவர் உண்மையில் எவ்வளவு கேட்டார் என்பது மட்டும் தரகரின் வாயில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பு என்ற அளவில்தான் பேசுவார்கள். விலை மறைவது பெரும்பாலும் ஒரு கேள்வியில் தொடங்கும். "உங்களுக்குப் பரப்புக்கு எவ்வளவு வந்தாக் காணும், அண்ணை?" காணிக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். "18 லட்சம் வந்தாக் காணும்" என்பார். அந்தச் சொல்லோடு தரகர் அவருடைய ஆளாக இருப்பது முடிந்தது. அதற்கு மேலே வருவதெல்லாம் தரகருக்கு.

ஒரு கணக்குக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் 4 பரப்புக் காணி என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் பரப்பு 21 லட்சப்படி 84 லட்சம் கொடுக்கிறார். விற்பவருக்குப் போய்ச் சேருவது 72 லட்சம். நடுவில் 12 லட்சம். நூற்றுக்கு 2 என்று கொமிஷன் பேசியிருந்தால் 84 லட்சத்துக்கு 1,68,000 ரூபாயோடு முடிந்திருக்கும். இந்த 12 லட்சத்துக்கு மேலே இரண்டு பக்கமும் கொமிஷன் வாங்குகிறவர்களும் உண்டு.

பிறகாவது இது ஏன் வெளியே வருவதில்லை? உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவதால். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 84 லட்சம் என்று எழுதினால் வரி 3,35,000 ரூபாய். 40 லட்சம் என்று எழுதினால் 1,59,000. வரி ஏய்ப்பு என்ற குற்றம் ஒரு புறம் இருக்கட்டும். 40 லட்சம் என்று எழுதிய உறுதியை வைத்துக்கொண்டு 72 லட்சத்தையும் நிரூபிக்க முடியாது, 84 லட்சத்தையும் நிரூபிக்க முடியாது. வரியில் மிச்சம் பிடித்தவர் வாங்கியவர். தரகர் ஒளித்த காசைத் தேட வழியில்லாமல் நிற்பவர் விற்றவர்.

இதைவிட மோசமானது, வெளிநாட்டில் இருப்பவர் தரகருக்கே அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், எழுதிக் கொடுப்பது. விலை பேசுபவரும் கையெழுத்து வைப்பவரும் காசு வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் கேள்வி கேட்க அங்கே யார் இருக்கிறார்? தத்துவத்தை உறவினருக்கோ நம்பிக்கையான வேறொருவருக்கோ கொடுங்கள். பொதுத் தத்துவம் வேண்டாம். அந்த ஒரு காணிக்கு மட்டும், ஆகக் குறைந்த விலை குறித்து, காசு உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

லண்டனில் வீடு விற்ற எங்கள் சனத்துக்கு வேறொரு முறை பழக்கம். அங்கே 1979ஆம் ஆண்டு முகவர் சட்டத்தின் கீழ் 1991இல் வந்த ஆணைப்படி, வந்த விலைகளை முகவர் சுணங்காமல் எழுத்தில் விற்பவருக்கு அறிவிக்க வேண்டும். இல்லாத விலையை இருப்பதாகச் சொல்லக்கூடாது. ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1 முதல், மற்றவர்கள் கேட்ட விலையை வாங்க வருபவர்களுக்குத் திறந்து காட்டுவதா இல்லையா என்று விற்பவரே தீர்மானிக்கலாம். அந்த முறையில் பழகியவர்கள் கோண்டாவில் காணியை விற்கும்போது மட்டும் ஒரு வட்ஸ்அப் குரல் பதிவை நம்பிவிடுகிறார்கள். கடிதம் கேட்டால் தரகர் கோபிப்பார் என்ற கூச்சம்.

இல்லாத ஆளைக் காட்டுவது இரண்டு பக்கமும் வெட்டும். வாங்குபவரிடம், "கனடாக்காரர் ஒருத்தர் 22 கேக்கிறார், நாளைக்கு அச்சவாரம் (முற்பணம்) குடுக்கப் போறார்." விற்பவரிடம், "ஒருத்தரும் கேக்கேல்லை, 18க்கு விடுங்கோ." ஒரே நாளில், ஒரே தொலைபேசியில்.

ஆகவே ஒவ்வொரு விலைக்கும் ஒரு துண்டாவது எழுதி வாங்குங்கள். கேட்டவரின் பெயர், திகதி, பரப்புக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, அச்சவாரம் எவ்வளவு, மீதி கைக்காசா வங்கிக் கடனா, உறுதி முடிக்க எத்தனை நாள். கடைசி இரண்டும் விலை அளவுக்கு முக்கியம். கடன் கிடைத்தால் 21, உடனே காசு என்றால் 20 என்று இரண்டு பேர் நின்றால் எது நல்லது என்று தீர்மானிப்பது காணிக்காரர் வேலை. தரகர் இரண்டையும் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு தடவையாவது விற்பவரும் வாங்குபவரும் நேரிலோ தொலைபேசியிலோ விலையைத் தங்கள் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குத் தரகர் சாட்டுச் சொன்னால் அந்தச் சாட்டே போதும், வேறு விசாரணை தேவையில்லை.

பரப்புக் கணக்கிலும் ஒளிப்பு உண்டு. 18 குழி ஒரு பரப்பு. உறுதியில் 4 பரப்பு இருக்கும், அளந்தால் 3 பரப்பு 12 குழி வரும். 20 லட்சப்படி 6 குழிக்கு 6,66,000 ரூபாய்க்கு மேல். பேசியது பரப்புக்கா, காணி மொத்தத்துக்கா என்று அந்தத் துண்டில் இல்லாவிட்டால் அளந்த அன்று சண்டைதான்.

அச்சவாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் கடதாசியில் எழுதிய பற்றுச்சீட்டை வைத்துக் காணியை எழுதித் தா என்று கேட்க முடியாது. ஒரே காணிக்கு மூன்று பேரிடம் அச்சவாரம் வாங்க முடிவதும் இதனால்தான். கொடுப்பதாக இருந்தால் தரகர் கையில் கொடுக்காமல், நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையோடு காணிக்காரருக்கே கொடுத்து, அதைப் பதிவகத்திலும் பதியுங்கள்.

பங்குக் காணி என்றால் இன்னொன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதில் விலையும் இருக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் உறுதி முடிந்த பிறகும் பங்காளி வழக்குக்குப் போகலாம். காணிக்காரருக்கு 18, வாங்குபவருக்கு 21, உறுதியில் வேறொன்று என்று மூன்று விலை வைத்திருக்கும் தரகர், அந்த அறிவித்தலில் எதைப் போடச் சொல்லுவார் என்று நொத்தாரிசின் மேசையில் வைத்தே கேளுங்கள்.

வணக்கம்.