கரண்ட் திரும்பி வரும்போது

நேயர்களுக்கு வணக்கம். நான் ஹட்டன் பக்கத்தில் வயரிங், ரிப்பேர் வேலை செய்கிற ஆள். மைக் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை, ஏணியில் நின்றபடி பேசித்தான் பழக்கம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன வருஷம் குவைத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். "அண்ணே, அம்மா வீட்டுக் கேமரா மூணு நாளா கறுப்பா கிடக்குது. அம்மாவும் போன் எடுக்கல. பயமா இருக்குண்ணே." நான்தான் பொருத்திக் கொடுத்த கேமரா. ஆட்டோ பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் சௌகரியமாகப் போஞ்சி பறித்துக்கொண்டிருந்தார். போனில் சார்ஜ் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கேமராவில் ஒரு குறையும் இல்லை, ரவுட்டரின் ப்ளக் கழற்றிக் கிடந்தது. கேட்டேன். "அந்தப் பச்ச லைட்டு ராத்திரியில கண்ணக் குத்துது தம்பி" என்றார். ப்ளக்கைப் போட்டுவிட்டு, லைட்டின் மேல் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு ஒட்டினேன். வேலை அவ்வளவுதான். ஆட்டோக் காசுதான் கூட.

ஸ்மார்ட் சாமான், அதாவது போன் வழியாக இயக்குகிற ப்ளக், சுவிட்ச், கேமரா, பழுது என்று எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். சாமான் நன்றாகவே இருக்கும். கரண்டோ, நெட்டோ, இடையில் இருக்கிற ரவுட்டரோ காலை வாரியிருக்கும். நம் மலைப்பக்கத்தில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கினால் சிக்னலும் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்க இருட்டானதே, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே சொன்னார். ஆகவே கடையில் சாமானைக் கையில் எடுத்ததும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இது என்ன செய்யும்?

இராகலையில் ஒருவர் தண்ணீர் மோட்டரை ஸ்மார்ட் சுவிட்சில் போட்டிருந்தார். இரவு ஆப்பில் மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் படுத்தார். ஆப்பில் மோட்டரை நிறுத்திவிட்டுத்தான் படுத்தார். விடியற்காலை கரண்ட் வந்ததும் சுவிட்ச் தானாகவே மோட்டரை ஓடவிட்டது. டேங்க் நிரம்பி, வழிந்து, கீழ்ப்பாத்தியில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரின் லீக்ஸ் பயிர் மேல் இறங்கியது. சண்டை தீர ஒரு வாரம் ஆனது. ஆப்பின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். கரண்ட் வந்ததும் "ஒன்" என்று இருந்தது. அதை "ஓஃப்" ஆக்க எனக்குப் பத்து விநாடி போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் ஸ்மார்ட் ப்ளக்கோ சுவிட்சோ இருந்தால் இன்றைக்கே அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். ஒன், ஓஃப், முன்பு இருந்த நிலை என மூன்று தெரிவுகள் இருக்கும். லைட்டுக்கு முன்பு இருந்த நிலை சரி. மோட்டர், ஹீட்டர், அயன் பொக்ஸ், இவற்றுக்கு ஓஃப்தான். அந்தச் செட்டிங்கே இல்லாத சாமானை இந்த மூன்றுக்கும் வாங்காதீர்கள்.

ஹீட்டர் என்றதும் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கே புத்தி சொல்கிற நான் ஏமாந்த கதை. குளியலறை ஹீட்டர் 3000 வோட்ஸ். நம் வீட்டு வோல்டேஜ் 230. 3000ஐ 230ஆல் வகுத்தால் 13 அம்பியருக்குக் கொஞ்சம் கூட. நான் வாங்கிய ப்ளக்கின் முதுகில் 16 அம்பியர் என்று அச்சடித்திருந்தது. அப்புறம் என்ன பயம் என்று போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு காலை, பிளாஸ்டிக் வேகிற வாடை. கழற்றிப் பார்த்தால் ப்ளக்கின் ஒரு கால் கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் பிஸ்கட் நிறத்தில் உப்பியிருந்தது. சுவரில் இருந்த ப்ளக் பேஸும் கூடவே போனது. சதுரக் கால் மூன்று உள்ள ப்ளக் எந்தக் கம்பனி செய்தாலும் 13 அம்பியருக்கு மேல் கிடையாது. அதன் அளவே அதுதான். அதன் மேல் 16 என்று அச்சடித்திருந்தால், அச்சடித்தவருக்கு ப்ளக்கைத் தெரியாது அல்லது நம்மைத் தெரியும். அந்த 13கூட மணிக்கணக்கில் இழுக்கிற சாமானுக்கு இல்லை. ஹீட்டரையும் மோட்டரையும் ஸ்மார்ட் ஆக்க ஆசையென்றால், கொன்டாக்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. பாரத்தை அது தூக்கும், ஸ்மார்ட் சுவிட்ச் அதற்குச் சமிக்ஞை மட்டும் கொடுக்கும். மோட்டர் புறப்படும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இது வயரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் ஒழுங்காக இல்லாத வீட்டில் நான் செய்யவே மாட்டேன்.

இன்னொரு புகார், "சுவிட்சை ஓஃப் பண்ணினாலும் பல்ப் மினுக்கு மினுக்கென்று எரியுது, பேயா?" பேய் இல்லை. நம் பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு லைவ் மட்டும்தான் இறங்கி வரும், நியூட்ரல் மேலே பல்போடு நின்றுவிடும். நியூட்ரல் வேண்டாம் என்று விற்கிற ஸ்மார்ட் சுவிட்ச், தான் விழித்திருப்பதற்கு வேண்டிய கொஞ்சம் கரண்டை பல்ப் வழியாகவே கடத்தும். பழைய குண்டு பல்ப் அதைக் கண்டுகொள்ளாது. 5 வோட்ஸ் எல்.ஈ.டி. கண்டுகொண்டு மினுக்கும். சுவிட்ச் வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அதை பல்ப் ஹோல்டரில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பொருத்தினால் தீரும். பலர் அதை "இது எதுக்கோ" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். புதிதாக வயரிங் செய்கிறவர்கள், 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுகிறவர்கள், ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் இறக்கச் சொல்லுங்கள். அந்த வயரின் விலை, பிறகு சுவரை வெட்டுகிற கூலியில் ஒரு பங்கு வராது.

சாமான் ரவுட்டரோடு சேரவே மாட்டேன் என்றால், அநேகமாக உங்கள் போன் 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இருக்கும். மலிவான ஸ்மார்ட் சாமான் ஏறக்குறைய எல்லாம் 2.4இல்தான் பேசும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4இல் போட்டுச் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கருங்கல் சுவரைத் தாண்டவும் 2.4தான் நல்லது. ரவுட்டர் மாற்றினால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதிலும் வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பல்பையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டிவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இடி மழைக் காலத்தில், மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும், பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் ரவுட்டரைக் கழற்றிவிடுங்கள். இதற்கு எந்த ஆப்பும் தேவையில்லை.

சரி, வாங்குவதைப் பற்றி. சுவரில் கையால் அமுக்கினால் வேலை செய்யாத சுவிட்சை வாங்காதீர்கள். நெட் இல்லாத இரவில் அப்பாயி கக்கூசுக்குப் போக போனைத் தேட முடியாது. கடைக்காரரிடம் ரவுட்டரின் நெட்டைத் துண்டித்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்து, ஆப்பில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்தச் சாமான் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். காட்ட முடியாவிட்டால் அதன் மூளை வேறு நாட்டில் இருக்கிறது. அந்த மூளையைக் கம்பனி நிறுத்தினால் சாமான் வெறும் பெட்டி. இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் 2016இல், வீட்டு ஸ்மார்ட் சாமான்களை இயக்குகிற ரிவால்வ் என்ற பெட்டியை, அதை வாங்கிய நெஸ்ட் கம்பனி நிறுத்தியது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் சாமான் செய்த இன்ஸ்டியோன் கம்பனியின் சேர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. அதே 2022இன் கடைசியில் மேட்டர் என்ற பொதுத் தரம் வந்தது. அந்த அடையாளம் உள்ள சாமான் வெவ்வேறு கம்பனி ஆப்புகளோடும் சேரும், வீட்டுக்குள்ளேயே பேசும். விலை கொஞ்சம் கூட. நான் கொடுப்பேன்.

பில்லில் கடைப் பெயரும் திகதியும் வாரன்டி காலமும் எழுதி வாங்குங்கள். பேஸ்புக்கில் படம் பார்த்துக் காசு போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுகிறவர்கள் அதிகம். பில் இருந்தும் கடை கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். அப்புறம், எதையும் மொத்தமாக ஆறு வாங்க வேண்டாம். ஒன்று வாங்கி, ஒரு மழைக்காலம் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பனியில் சுவர் வியர்க்கும், சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு குடித்தனம் நடத்தும். இதையெல்லாம் தாண்டி நின்றால் மற்ற ஐந்தையும் வாங்கலாம்.

கேமரா வாங்குகிறவர்கள் மெமரி கார்ட் போடுகிற வகையைப் பாருங்கள், நெட் போனாலும் பதிவாகும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். பொருத்துகிற இடத்தையும் யோசியுங்கள். ஒரு லயத்தில், வாசலைப் பார்க்கத்தான் என்று ஒரு தம்பி கேமரா வைத்தார். அது வரிசையில் இருந்த நாலு வீட்டு வாசலையும் சேர்த்துப் பார்த்தது. அடுத்த காம்பரா அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துவாயை அதன் மேல் தொங்கவிட்டார். கேமரா பழுது என்று தம்பி என்னைக் கூப்பிட்டார். போய் அதைக் கீழ்நோக்கி, அவர் வாசற்படியை மட்டும் பார்க்கத் திருப்பி வைத்தேன். மறுநாள் துவாய் கொடிக்குப் போய்விட்டது.