இயற்கையைக் காப்பாத்துறவங்க எதுக்கு புத்துணர்வு முகாமுக்குப் போறாங்க?

(திரையில்: வானத்திலிருந்து எடுத்த பவளத்திட்டுப் படம். நீலக் கடலுக்கு நடுவே வெளுத்துப்போன திட்டுகள்.)

2016 ஏப்ரல். ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் மேல தாழப் பறந்து ஒரு கணக்கெடுப்பு நடக்குது. நடத்துறவர் டெர்ரி ஹியூஸ், பவளப்பாறை ஆராய்ச்சியில உலகத்துக்கே தெரிஞ்ச பேர். கடல் தண்ணி அளவுக்கு மேல சூடானா பவளம் நிறம் போய் வெளுத்துடும். அவரோட குழு 911 திட்டுகளைப் பார்த்துச்சு. வெளுப்பு தட்டாம தப்பிச்சது நூத்துக்கு ஏழுதான். அந்த முடிவுகளை மாணவர்களுக்குக் காட்டினாரு. காட்டிட்டு எல்லாரும் சேர்ந்து அழுதோம்னு ட்விட்டர்ல எழுதினாரு.

விஞ்ஞானி அழுதாருங்கிறது உலகத்துக்குச் செய்தி. அந்தத் துறையில இருக்கிறவங்களுக்கு அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்ல. உயிரா நேசிக்கிற ஒண்ணு அழியுறதைக் கிட்ட நின்னு அளக்கணும், அட்டவணை போடணும், அறிக்கை எழுதணும். அப்புறம் அதே அறிக்கையைக் கையில வெச்சுக்கிட்டு அடுத்த வருஷத்துக்கு நிதி கேட்டு நிக்கணும். இவங்க வேலையே இதுதான்.

2019-ல கோர்டன், ராட்ஃபோர்ட், சிம்ப்சன்னு மூணு கடல் ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. மருத்துவத்துறை, பேரிடர் மீட்பு, ராணுவம் மாதிரி வேலைகள்ல துக்கத்தைச் சமாளிக்க முன்கூட்டியே பயிற்சி உண்டு, பின்னாடி ஆலோசனையும் உண்டு. சூழலியல் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டாங்க. உணர்ச்சிவசப்படாதவன்தான் நல்ல விஞ்ஞானிங்கிற பழைய நினைப்பைத்தான் அந்தக் கடிதம் தொட்டுச்சு.

(திரையில்: மலைச்சரிவில் ஒரு பண்ணை வீடு. வட்டமாகப் போட்ட நாற்காலிகள்.)

இந்த இடத்துக்குத்தான், களைச்சுப்போன சூழல் பணியாளர்களுக்கான புத்துணர்வு முகாம்கள் வருது. அந்தப் பேரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வர்றது தேக்கம்பட்டியில பவானி ஆத்தங்கரையில 48 நாள் குளிச்சு, நடந்து, கரும்பு தின்ன கோயில் யானைகள்தான். யானைக்கு ஓய்வு தேவைன்னு 2003-லயே அரசாங்கம் ஒத்துக்கிட்டது. யானைக்காக வேலை செய்யுற மனுஷங்களுக்கும் அது தேவைன்னு ஒத்துக்க உலகமே கொஞ்சம் யோசிச்சுது, அவ்வளவுதான்.

ரிசார்ட்ல நடக்குற தலைமைப் பயிற்சி மாதிரி இது இருக்காது. பவர்பாயிண்ட் கிடையாது, கயிறு இழுக்குற டீம் விளையாட்டு கிடையாது. அமெரிக்காவுல இதுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1989-ல ஆல்பர்ட் வெல்ஸ், சூசன் வெல்ஸ்னு ஒரு தம்பதி மொன்டானாவுல இருந்த தங்களோட பண்ணையைக் களைச்சுப்போன சமூகப் போராளிகளுக்குத் திறந்துவிட்டாங்க. விண்ட்கால்னு பேரு. அப்போ அங்க சில வாரம் தங்கலாம். பதிலுக்கு கட்டுரையோ திட்ட அறிக்கையோ எதுவும் கொடுக்க வேண்டியதில்ல. தூங்கினாலும் சரி, நடந்தாலும் சரி.

'சரி, இயற்கையோடயே இருக்கிறவங்களுக்கு இன்னொரு மலையைக் காட்டி என்ன ஓய்வு?'ன்னு கேட்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ரெண்டு பேரும் 1980-கள்ல ஒரு கருத்தை வளர்த்தாங்க. வலிய இழுத்துப் பிடிக்கிற கவனம் களைச்சுப் போகும். மரம், மேகம், ஓடுற தண்ணி மாதிரி தானா கண்ணை இழுக்கிற விஷயங்களுக்கு நடுவுல இருந்தா அது மீளும்னு சொன்னாங்க. ஆனா காட்டுல வேலை செய்யுற ஒருத்தரோட நடந்து பாருங்க. உங்களுக்குப் பச்சையா தெரியுற இடத்துல அவருக்கு உண்ணிச்செடிங்கிற களை எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு தெரியும். ஓடை எந்த மாசம் வத்திச்சுன்னு தெரியும். அவரோட கண்ணு அங்க ஓய்வுல இல்ல, டியூட்டியில இருக்கு. அதனாலதான் முகாமை அவங்க பொறுப்புல இல்லாத ஒரு நிலத்துல வைக்கணும்.

(திரையில்: தரையில் வரைந்த ஒரு வட்டம், நாலு பாகமாக.)

முகாம்ல உண்மையில என்னதான் நடக்கும்? நிறைய இடங்கள்ல பயன்படுற ஒரு முறையை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதை உருவாக்கினவர் ஜோனா மேசி. 1929-ல பிறந்து 2025-ல மறைஞ்ச அமெரிக்க பௌத்த அறிஞர். 1970-களோட கடைசியில, அணு ஆயுத பயம் உச்சத்துல இருந்தப்போ, இந்தப் பட்டறைகளை ஆரம்பிச்சாங்க. அவரோட வாதம் எளிமையானது: உலகம் அழியுதேன்னு தெரிஞ்சும் மக்கள் சும்மா இருக்காங்கன்னா, அக்கறை இல்லாம இல்ல. நினைச்சா வலிக்குது, அதனால நினைக்கிறதையே விட்டுடறாங்க. வலியை அடைச்சு வெச்சா செயலும் சேர்ந்து அடைபடும்.

நமக்குப் பக்கத்து ஊர்த் தொடர்பு ஒண்ணும் இவருக்கு உண்டு. 1979-80-ல இலங்கையில ஒரு வருஷம் தங்கி, ஆரியரத்ன 1958-ல தொடங்கின சர்வோதய சிரமதான இயக்கத்தோட இருந்தாங்க. ஊர்க்காரங்க சேர்ந்து ரோடு போடுற அந்த முகாம்கள்ல எல்லாரும் ஒரு குடும்பமா கூடி உட்கார்ந்து பேசுறதும் வேலையோட ஒரு பகுதி.

மேசியோட பட்டறைக்கு ஒரு வரிசை உண்டு: முதல்ல நன்றி, அடுத்தது வலி, அப்புறம் உலகத்தைப் புதுசா பார்க்கிறது, கடைசியில செயலுக்குக் கிளம்புறது. ரெண்டாவது கட்டத்துல வர்றதுதான் சத்திய மண்டலம். எல்லாரும் வட்டமா உட்காருவாங்க. நடுவுல நாலு பொருள்: ஒரு கல், கொஞ்சம் காய்ஞ்ச சருகு, ஒரு கட்டையான குச்சி, ஒரு காலிக் கிண்ணம். கல் பயத்துக்கு. சருகு துக்கத்துக்கு. குச்சி கோபத்துக்கு, அதை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கலாம், வீசக்கூடாது. கிண்ணம், என்ன செய்யுறதுன்னே தெரியாத வெறுமைக்கு.

யாருக்குத் தோணுதோ அவங்க உள்ளே வருவாங்க. ஒரு பொருளை எடுத்துக்கிட்டுப் பேசுவாங்க. ஒரே வாக்கியமா இருக்கலாம், வெறும் சத்தமாகூட இருக்கலாம். யாரும் ஆறுதல் சொல்ல மாட்டாங்க, தீர்வு சொல்ல மாட்டாங்க. 'கேட்டோம்'னு மட்டும் சொல்வாங்க. கடைசியில நடத்துறவர் ஒவ்வொரு பொருளோட மறுபக்கத்தையும் காட்டுவாரு. பயத்தை வாய்விட்டுச் சொல்ல நம்பிக்கை வேணும். நேசிக்காத ஒண்ணுக்காக யாரும் அழறதில்ல. கோபத்துக்குப் பின்னாடி நியாயத்து மேல இருக்கிற பற்று இருக்கு. காலிக் கிண்ணத்துலதான் புதுசா ஒண்ணு விழ இடம் உண்டு.

கேட்க நாடகத்தனமா இருக்கலாம். ஆனா எழவு வீட்டு ஒப்பாரியை நினைச்சுப் பாருங்க. அழறதுக்குன்னு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு முறை, கூட அழ நாலு பேர். ஒரு காடு போனா, ஒரு உயிரினமே போனா, அதுக்கு எழவு வீடு எங்க இருக்கு? மேசி செஞ்சது அப்படி ஒண்ணைத்தான்னு எனக்குத் தோணுது.

(திரையில்: வெர்மான்ட் மலைகள். மேயும் ஆடுகள், புளூபெர்ரி புதர்கள்.)

அழுகை மட்டும் போதாதுன்னு நினைச்சவங்களும் உண்டு. பீட்டர் ஃபோர்ப்ஸ், நிலத்தை வாங்கிப் பாதுகாக்குற 'டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்' அமைப்புல பல வருஷம் இருந்தவர். எத்தனை ஏக்கர் காப்பாத்தினோம்ங்கிற கணக்கு மட்டும் போதுமான்னு அவருக்குக் கேள்வி வந்துச்சு. 2000-களோட தொடக்கத்துல மனைவி ஹெலன் வைப்ரோவோட சேர்ந்து, வெர்மான்ட்ல நோல் ஃபார்ம்ங்கிற அவங்க மலைப்பண்ணையில சூழல் பணியாளர்களுக்கான முகாம்களை ஆரம்பிச்சாரு. பண்ணையில விளைஞ்சதைச் சாப்பிட்டுக்கிட்டே பேசணும்.

பேச்சு சுகமானதா இருக்கணும்னு அவசியமில்ல. நிலம் காக்குற அமைப்புக்காரரும், நிலத்துலேர்ந்து விலக்கப்பட்ட சமூகத்து ஆளும் ஒரே மேசையில உட்காருவாங்க. 1872-ல யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவா அறிவிச்சப்போ, அங்க காலங்காலமா வாழ்ந்த பழங்குடிகள் வெளியே தள்ளப்பட்ட கதை இந்தத் துறையோட பிறப்புலயே இருக்கு. அதை ஒத்துக்காம வர்ற ஓய்வு அரைகுறை ஓய்வுதான்.

இனி என்னோட புகார். 2023-ல 'கன்சர்வேஷன் பயாலஜி' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. பல நாடுகள்ல 2,300-க்கும் மேற்பட்ட இயற்கைப் பாதுகாப்புப் பணியாளர்கள்கிட்ட கேட்டதுல, நாலுல ஒருத்தருக்கும் மேல மிதமான அல்லது கடுமையான மன உளைச்சல்ல இருந்தாங்க. பெண்கள்கிட்டயும், புதுசா வேலைக்கு வந்தவங்ககிட்டயும் அது கூடுதல். வேலைப்பளுவும் நிறுவனத்தோட நிலையில்லாத தன்மையும் உளைச்சலோட சேர்ந்தே வந்துச்சு. வேலை நிரந்தரமா இருந்தவங்ககிட்ட உளைச்சல் குறைவு.

அதாவது, பவளம் சாகறது மட்டும் இல்ல, மார்ச் மாசம் புராஜெக்ட் முடிஞ்சா ஏப்ரல்ல சம்பளம் வருமாங்கிறதும்தான் மனுஷனை அரிக்குது. அதுக்கு எந்த மலைப்பண்ணையிலயும் மருந்து இல்ல. ஆள் எடுக்கணும், ஒப்பந்தத்தை நீட்டணும். நிதி கொடுக்கிறவங்க முகாமுக்குச் சந்தோஷமா காசு கொடுப்பாங்க, நல்ல போட்டோ கிடைக்கும். சம்பளத்துக்குக் கொடுக்கச் சொன்னா 'நிர்வாகச் செலவு'ன்னு முகம் சுளிப்பாங்க.

இன்னொண்ணு, 'தலைமை'ங்கிற வார்த்தை முகாம் அழைப்பிதழ்ல இருந்தாலே போறது யாருன்னு முடிவாயிடுது. இயக்குநர், திட்ட மேலாளர். நம்ம பக்கத்துல வேட்டைத் தடுப்புக் காவலர்களை எடுத்துக்கோங்க. தொகுப்பூதியத்துல, காட்டு முகாம்ல ராத்தங்கி, யானைக்கு முன்னாடியும் தீக்கு முன்னாடியும் நிக்கிறவங்க. பல பேர் பழங்குடி இளைஞர்கள். பீட்ல, அதாவது அவங்க ரோந்து போற காட்டுப் பகுதியில, எந்தப் பக்கம் போகணும்னு ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கிறவங்களைத் தலைவர்னு யாரும் கூப்பிடுறதில்ல.

(திரையில்: காலியான ஒரு மேசை, அதன்மேல் தேதி குறித்த நாட்காட்டி.)

ஆக, உங்க அமைப்பு முகாம் நடத்தப் போகுதுன்னா சிலதைக் கேட்டுக்கோங்க. போற நாட்கள்ல வேலையை யார் பார்ப்பா? திரும்பி வந்து மொத்தமா நீங்களே பார்க்கணும்னா போகாம இருக்கிறதே மேல். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? தினக்கூலிக்காரருக்கும் உண்டா? ஒருத்தரை மட்டும் அனுப்பாதீங்க, ரெண்டு மூணு பேரா அனுப்புங்க. தனியா போய் வந்தவர் பேசுறது ஆபீஸ்ல யாருக்கும் புரியாது.

சத்திய மண்டலத்தை நீங்களே செஞ்சு பார்க்கணும்னு ஆசை வந்தா, கல்லு, சருகு, குச்சி, கிண்ணம் எதுக்கும் காசு ஆகாது. ஆனா ஒருத்தர் உடைஞ்சு அழுதா எப்படித் தாங்கிக்கணும்னு பழகினவர்தான் நடத்தணும், அதுவும் வெளி ஆளா இருக்கணும். சம்பள உயர்வுல கையெழுத்துப் போடுற மேலாளரை அந்த வட்டத்துல உட்கார வைக்காதீங்க. அவர் எதிர்ல இருந்தா குச்சியை யாருமே எடுக்க மாட்டாங்க.