குயில் யாருடைய கூட்டாளி?

(அடையாற்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, ஆலமரம் பூத்துப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருவருமில்லையா? உங்கள் தாத்தாவும் பார்த்திருக்க மாட்டார். அபூர்வமாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோமே, ஆலும் அத்தியின் உறவுதான். நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள் ஏராளமான பூக்கள் உள்பக்கம் பார்த்தபடி இருக்கின்றன.

அடைபட்ட பூவுக்கு மகரந்தம் யார் கொண்டுபோவது? எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி. நுனியிலுள்ள இறுக்கமான துளை வழியே பெண்குளவி நுழையும்போது பெரும்பாலும் இறக்கை பிய்ந்துவிடும். திரும்பி வர அது போகவில்லை. மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே சாகும். முட்டை விழுந்த பூ குளவிக்குத் தொட்டில். மற்றவை மரத்துக்கு விதை. உள்ளே பிறக்கும் ஆண்குளவிக்கு இறக்கையே கிடையாது. இணைசேர்ந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்துவிட்டு அதுவும் முடிந்துபோகும். மகரந்தத்தோடு பறக்கும் பெண் இன்னொரு மரத்தைத் தேடும். குளவி இல்லையென்றால் ஆலுக்கு விதை இல்லை. ஆல் இல்லையென்றால் அந்தக் குளவிக்குப் பிள்ளை இல்லை.

நம் அடையாற்றின் பெரிய ஆலமரம் தெரியுமல்லவா? 1989-இல் அதன் நடுமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தாம் இப்போது மரமாக நிற்கின்றன. அத்தனை பெரிய மரத்தின் குடும்பக் கணக்கை எள்ளளவு பூச்சி பார்க்கிறது!

பழுத்ததும் குயில் வரும். பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் எச்சமிடும். ஆலுக்கு இலவச வண்டி. ஆனால் அதே குயில் கோடையில் காக்கைக் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும். பாவம், காக்கை தன் குஞ்சென்று ஊட்டி வளர்க்கும். மரத்துக்குக் கூட்டாளி, காக்கைக்கு ஒட்டுண்ணி. பறவை ஒன்றுதான்.

பள்ளிக்கரணைப் பக்கம் எருமையோடு நடக்கும் வெள்ளைக் கொக்குக்கு ‘உண்ணிக்கொக்கு’ என்று பெயர். உண்ணி பொறுக்கத்தான் வருகிறது என்பார்கள். எனக்கென்னவோ பெயர் கொஞ்சம் மிகை என்று படுகிறது; எருமையின் காலடியில் பதறித் தாவும் வெட்டுக்கிளிதான் அதற்கு முக்கியம். எருமைக்கு லாபம் அதிகமில்லை, நட்டமுமில்லை.

1879-இல் ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி இந்த உறவுகளுக்கு ‘சிம்பயோசிஸ்’ என்று பெயர் வைத்தபோது, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்றுதான் சொன்னார். நட்பு என்று சொல்லவில்லை.

“குயில் நல்லதா கெட்டதா, ஐயா?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். காக்கையைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அதற்குமுன் உங்கள் பள்ளி மதில் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை யாரும் நட்டிருக்க மாட்டார்கள்.