டம்ளருக்குள்ள எது கலவை, எது சேர்மம்?

வணக்கம் நேயர்களே. கலவை, சேர்மம்னு ரெண்டு வார்த்தைய ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறோம், ஆனா தினமும் என்ன குடிக்கிறோம்ங்கறது அந்த ரெண்டுலதான் அடங்கியிருக்கு, அதனால இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன். பொருளுங்க எந்த அளவுல வேணா, தன் தன் குணத்தோடயே சேர்ந்திருந்தா கலவை, அணுக்கள் ஒரே மாறாத கணக்குல பிணைஞ்சு புதுப் பொருளா ஆயிட்டா சேர்மம்.

முதல்ல தண்ணி. இது சேர்மம், ரெண்டு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் பிணைஞ்சது. எடைக்குப் பார்த்தா 1 கிராம் ஹைட்ரஜனுக்கு சுமார் 8 கிராம் ஆக்சிஜன், மழைத்தண்ணியா இருந்தாலும் கடல்தண்ணிலேர்ந்து காய்ச்சி எடுத்ததா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஹைட்ரஜன் தானே எரியும், ஆக்சிஜன் எரியறதுக்கு உதவும், ரெண்டும் சேர்ந்து வந்த தண்ணி தீயை அணைக்குது பாருங்க, சேர்மம்னா அதுதான், பழைய குணம் ஒண்ணும் மிஞ்சாது! கொதிக்கிறப்ப வர்ற குமிழிய ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லவே இல்ல, அது நீராவி, அதே தண்ணிதான். உடைக்கணும்னா மின்சாரம் பாய்ச்சணும், 1800ல இங்கிலாந்துல நிக்கல்சனும் கார்லைலும் அப்படித்தான் பிரிச்சுக் காட்டினாங்க.

ஆனா நம்ம டம்ளர்ல இருக்கற தண்ணில கால்சியம், மக்னீசியம் உப்புங்க, கொஞ்சம் காத்து எல்லாம் கரைஞ்சிருக்கு. ஆக அது கலவை. ஊருக்கு ஊர் ருசி மாறுறதும் அதனாலதான்.

காபில சர்க்கரை போட்டா காணாமப் போயிடுது, ஆனா 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் சேர்ந்த அந்த மூலக்கூறு அப்படியே முழுசாத்தான் இருக்கு, வேறயா எதுவும் ஆகல. ஒரு ஸ்பூனும் போடலாம், மூணும் போடலாம், அந்த சுதந்திரம் கலவைக்குத்தான் உண்டு.

பாலைப் பார்த்தா ஒரே பொருள் மாதிரி தெரியும், கண்ணை நம்பாதீங்க, அதுவும் கலவைதான். பசும்பால்ல கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணி, அதுல கொழுப்புத் துளிங்களும் கேசீன்ங்கற புரதத் துகள்களும் மிதக்குது, அதுங்க வெளிச்சத்த நாலாபக்கமும் சிதறடிக்கறதாலதான் பால் வெள்ளையாத் தெரியுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சோடாதான், ஏன்னா இதுல கலக்கறது, சேர்மம் ஆகறது ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. 1767ல ஜோசப் ப்ரீஸ்ட்லிங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, பீர் புளிக்கிற தொட்டிக்கு மேல தண்ணிய வெச்சு, புளிக்கிறப்ப வர்ற கார்பன் டை ஆக்சைடு வாயுவ அதுல ஏத்தினாரு. இப்ப அதையே அழுத்தம் குடுத்து ஏத்தறாங்க, அழுத்தம் கூடினா கரையறதும் கூடும், மூடியத் திறந்ததும் அழுத்தம் குறைஞ்சு வாயு புஸ்ஸுன்னு வெளிய வருது. கரைஞ்ச வாயுல பெரும்பங்கு வாயுவாவே இருக்கு, அது வெறும் கலவை. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் தண்ணியோட வினை புரிஞ்சு கார்பானிக் அமிலம்ங்கற புது சேர்மமா மாறுது, அந்தக் கொஞ்சமே நாக்குல லேசான புளிப்பத் தருது. இது ஒருவழிப் பாதையும் இல்ல, வாயு வெளியேற வெளியேற அந்த அமிலமும் மறுபடி தண்ணியாவும் வாயுவாவும் உடைஞ்சுடும், அதனாலதான் ரொம்ப நேரம் திறந்து வெச்ச சோடால குமிழியோட சேர்ந்து புளிப்பும் போயிடுது. நன்றி, வணக்கம்.