மறுபடி படிக்கும் நாளை முதலில் குறியுங்கள்

(கோபிசெட்டிபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் புதிதாக ஓர் அட்டவணை ஏறியிருக்கும். காலை 4 மணிக்கு எழுவது, 4.15 முதல் 6 வரை இயற்பியல், 6 முதல் 7 வரை வேதியியல் என்று ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுவது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. எழும்போது உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும், அதே பாடத்தை மறுபடி எந்தத் தேதியில் எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் அது சொல்வதில்லை. இந்த இரண்டும் இல்லாத தாளைப் படிப்புத் திட்டம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் தொடர்ந்து 68 முறை படித்ததால் கிடைத்த பயன், அதையே மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை படித்தபோதும் கிடைத்தது என்று அவர் கண்டார். ஏறக்குறையப் பாதி உழைப்புதான். இடைவெளி விட்டதால் வந்த லாபம் அது.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு போகம் ஒற்றைப்படை மதகுகளுக்கும் அடுத்த போகம் இரட்டைப்படை மதகுகளுக்கும் தண்ணீர் விடுகிறார்கள். தை மாதம் தொடங்கும் புஞ்சைப் போகத்திலோ, சில நாள் திறந்து சில நாள் அடைத்து, நனைப்பு நனைப்பாகத்தான் தண்ணீர் வருகிறது. மொத்தத் தண்ணீரையும் முதல் வாரத்திலேயே திறந்து விடச் சொல்லும் விவசாயி யாருமில்லை. நம் பிள்ளைகளோ இயற்பியலின் முதல் அலகான நிலைமின்னியலை ஜூன் மாதத்தில் முழுக்கப் படித்து முடித்து, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு வரை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆகவே, ஒரு பாடத்தை எடுக்கும் அன்றைக்கே, அதற்கு அடுத்த நனைப்பு எப்போது என்று குறித்துவிடுங்கள். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்று அல்லது நான்கு வாரம் கழித்து ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஓரிரு நாள் முன்பின்னாக இருந்தால் பாதகமில்லை, தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம். இயற்பியலில் 11 அலகுகள், வேதியியலில் 15, கணிதத்தில் 12 அத்தியாயங்கள் என்று இருக்கும்போது, எதை எப்போது திரும்ப எடுப்பது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே தனிச் சுமை. அந்தச் சுமையைத் தாளில் இறக்கி வைப்பதற்காகத்தான் திட்டம்.

அடுத்து, அந்தத் தேதி வரும்போது என்ன செய்வது என்ற கேள்வி. புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் சிலர் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, நினைவில் இருந்ததைப் பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 விழுக்காட்டுக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவில் இருந்தது, வாசித்தவர்களுக்கு 42 தான். பொதுத்தேர்வு 5 நிமிடம் கழித்து வருவதில்லை என்பதை மட்டும் யோசியுங்கள்.

எனவே திட்டத்தில் "இயற்பியல், அலகு 1" என்று எழுதாதீர்கள். "மின் இருமுனையால் அச்சுக்கோட்டில் உண்டாகும் மின்புலம்: படம் வரைந்து, புத்தகம் பார்க்காமல் தருவிப்பது" என்று எழுதுங்கள். வெள்ளைத்தாளை எடுத்து, +q, −q என்ற இரு மின்னூட்டங்களையும் குறித்து, 2a இடைவெளி போட்டு, எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதன் பிறகு புத்தகத்தைத் திறங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து தொடங்கினால் போதும். இருபது நிமிட வேலைதான். ஆனால் முடிந்ததா இல்லையா என்பதில் உங்களையே நீங்கள் ஏமாற்றிக்கொள்ள முடியாது. கணக்குப் பாடத்தில் ஒரே பயிற்சியின் கணக்குகளை வரிசையாகப் போடுவதோடு நிற்காமல், வாரம் ஒரு நாள் மூன்று நான்கு அத்தியாயங்களிலிருந்து கலந்து எடுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று கண்டுபிடிப்பதும் தேர்வில் உங்கள் வேலைதானே.

இனி நாட்களின் கணக்கு. கனடாவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாட்களுக்கும் மேல். நாம் போடும் மோசமான கணக்குகூட நல்ல நாளை நினைத்துப் போட்டதாகவே இருக்கிறது. வாரத்தில் 6 நாளுக்கு மட்டும் பாடம் எழுதி, ஏழாவது நாளை விடுபட்டதற்காக வெறுமையாக விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையை அப்படி விட்டால், வியாழக்கிழமை காய்ச்சல் வந்தாலும் திட்டம் குலையாது.

நம் ஊருக்கென்று சில கணக்குகள் இருக்கின்றன. திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் வரும் தை, மாசியில்தான் மஞ்சள் வெட்டும் நடக்கிறது. ஆள் கிடைக்காத வீட்டில் பிள்ளைகளும் காட்டுக்கு இறங்குகிறார்கள். மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் என்னும் தீமிதித் திருவிழா, பொதுத்தேர்வை ஒட்டிப் பண்ணாரிக் குண்டம். நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வந்த உறவினரை வாசலில் நிறுத்திவிட்டுப் படிக்கும் பிள்ளை நம் பக்கத்தில் பிறக்கவில்லை, பிறக்கவும் வேண்டாம். அந்த நாட்களை இப்போதே விடுமுறை என்று குறித்துவிட்டால் மனம் உறுத்தாமல் போய் வரலாம். காலையிலும் மாலையிலும் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டில், கட்டுத்தரை வேலை முடியும் நேரத்துக்குப் பிறகுதான் படிப்பை வைக்க முடியும். தறி ஓடும் வீட்டில், சத்தத்தோடு செய்யக்கூடிய எழுத்து வேலையை அந்த நேரத்துக்கும், தருவிப்புகளைத் தறி நின்ற நேரத்துக்கும் ஒதுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அட்டவணையை நகல் எடுப்பதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "இன்னும் படிக்கிறயா, படுத்துட்டயா கண்ணு" என்று இரவு 11 மணிக்குக் கேட்பதைவிட, மாலையில் அந்த வெள்ளைத்தாளை வாங்கிப் பாருங்கள். பாடம் புரிய வேண்டியதில்லை. சிவப்புக் கோடு சென்ற வாரத்தைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா என்பது யாருக்கும் தெரியும். 11 மணிக்குப் பிள்ளை தூங்கட்டும். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். விடியற்காலை 4 மணி என்று சுவரில் எழுதிவிட்டு மூன்றாவது பாடவேளையில் கண்ணயரும் பிள்ளைகளை இங்குள்ள ஆசிரியர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

உங்கள் கையில் நாட்காட்டித் தாள் ஒன்று தரப்பட்டிருக்கிறது. முதலில் நோம்பி நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அடித்துவிடுங்கள். பிறகு காலாண்டுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வந்த பாடத்தில் ஒரே ஒரு அலகை எடுத்து, அதற்கான மூன்று தேதிகளைக் குறியுங்கள். உங்கள் ஆசிரியர்கள் வரிசை வரிசையாக வந்து பார்ப்பார்கள். அதை முடித்த பின் கேள்விகளுக்கு வருவோம்.