அவள் ஏன் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை?

எல்லோருக்கும் வணக்கம். பதின்பருவத்தினருக்காக எழுதப்பட்ட ஒரு பேய்வீட்டு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவருக்கு அது முதல் நாவல். அவர் மனம் நோக வேண்டாம். ஆனால் படித்து முடித்தபோது நான் ரொம்பவே ஏமாந்து போனேன். அந்த ஏமாற்றம் ஏன் என்று பல நாள் யோசித்தேன்.

புத்தகத்தை என் கையில் கொடுத்தது அக்கா மகள். பதினைந்து வயது. "படிச்சிட்டு எனக்கு ஒண்ணு சொல்லணும் சித்தி" என்று மட்டும் சொன்னாள்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அப்பா அம்மாவோடு ஒரு பழைய பெரிய வீட்டுக்குக் குடிவருகிறாள். மூன்றாவது அத்தியாயத்தில், தன் அறையின் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருப்பதைப் பார்க்கிறாள். முன்பு அங்கே வாழ்ந்த யாரோ தங்கள் குழந்தையை நிற்கவைத்து உயரம் குறித்திருக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கி, இடுப்பு, மார்பு என்று ஏறிய கோடுகள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. மறுநாள் காலையில் பார்த்தால், அதற்கு மேலே புதிதாக ஒரு கோடு. அவள் நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். கோடு சரியாக அவள் உச்சந்தலைக்கு நேரே இருக்கிறது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அந்த வீடு அவளைத் தன் பிள்ளையாக எண்ணத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். இதை எழுதியவருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கோடு கதையில் வரவேயில்லை. அடுத்த அத்தியாயத்திலேயே சுவரில் ரத்தம் வழிகிறது, கண்ணாடி நொறுங்குகிறது, பொம்மை தலையைத் திருப்புகிறது. கடைசியில் பேயே எதிரில் வந்து, தான் யார், எப்படிச் செத்தோம் என்று ஆறு பக்கத்துக்கு விளக்குகிறது. அதற்குள் என் பயமெல்லாம் போய்விட்டது.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. பேய்வீட்டுக் கதை எதைப் படித்தாலும் நம் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: இவர்கள் ஏன் கிளம்பிப் போகவில்லை? ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலில் எலினோருக்கு 32 வயது. நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே 11 வருஷம் போய்விட்டது. தாய் இறந்தபின் தனக்கென்று ஓர் இடமில்லாமல், ஹில் ஹவுஸ் என்ற பேய்வீட்டில் வந்து தங்குகிறாள். இரவில் கதவை எதுவோ இடிக்கிறது. அது என்னவென்று கடைசிவரை நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆனாலும் அவளுக்கு அங்கேயே இருக்கத் தோன்றுகிறது. அந்த ஆசைதான் நம்மை நடுங்க வைக்கிறது.

பதினாறு வயதுப் பெண்ணை வைத்து எழுதுகிறவருக்கோ அந்தக் கேள்விக்கான விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. அவளால் போக முடியாது! வீடு அவளுடையது இல்லை, முடிவும் அவளுடையது இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினாலும், "கையில இருந்த பணத்தையெல்லாம் இதுலதான் போட்டிருக்கோம்" என்பார்கள். தமிழில் வீடு என்றால் விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்த வயதில் வீட்டுக்குள் இருந்துகொண்டே அந்த இன்னொரு வீட்டுக்கு ஏங்காதவர் யார்? இந்த நாவலோ ஐந்தாவது அத்தியாயத்தில் பெற்றோரை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறது. கார் சாவி அவள் கையில். தோழி வீடு பத்து நிமிடத் தொலைவில். அப்படியும் அவள் தினமும் இரவு அங்கேயே படுக்கிறாள். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடக்க வேண்டும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான இளைய பிளினி ஒரு கடிதத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பேய்வீடு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். வாடகை மலிவாக இருப்பதில் சந்தேகப்பட்டு விசாரித்து, விஷயம் தெரிந்த பிறகும் அதினோடோரஸ் என்ற தத்துவஞானி அங்கே குடிபோகிறார். இரவில் எழுதிக்கொண்டிருக்கிறார். சங்கிலிச் சத்தம் தொலைவில் கேட்கிறது, நெருங்குகிறது, அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. பேய் விரலசைத்துக் கூப்பிடுகிறது. அவர் கொஞ்சம் இரு என்று கைகாட்டிவிட்டு மறுபடி எழுதுகிறார். அவர் தலைக்கு மேலேயே அது சங்கிலியைக் குலுக்குகிறது. அப்புறம்தான் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறார். அந்த நேரம் முழுக்க நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தை விரித்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்தக் கோடு என்ன ஆச்சு சித்தி? நான் எங்கயோ விட்டுட்டேனோன்னு ரெண்டு தடவை முதல்ல இருந்து படிச்சேன்."