மூவர் 12 நாளில் முடிக்கும் வேலைக்கு நால்வர் எடுப்பது 15 நாள்!

வேலைக்கு ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்ததாலேயே திட்டம் 3 நாள் தாமதமாகும் என்றால் நம்புவீர்களா? 1960களில் கணிதவியலாளர் ரொனால்ட் கிரகாம் காட்டிய கணக்கு இது. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி ஒரே வரிதான்: அடுத்தடுத்து நடந்தாக வேண்டிய பணிகளின் மிக நீளமான தொடரை வைத்துத் திட்டம் முடியும் நாளைக் கணக்கிடும் முக்கியப் பாதை முறை (critical path method) 1957இல் உருவானது; அது ஆள் பற்றாக்குறையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி கணக்கு. எண் வரிசைப்படி ஒரு பட்டியலில் ஒன்பது பணிகள். முதல் பணிக்கு 3 நாள்; இரண்டு, மூன்று, நான்காம் பணிகளுக்குத் தலா 2 நாள்; ஐந்து முதல் எட்டு வரை தலா 4 நாள்; ஒன்பதாவதற்கு 9 நாள். ஒன்று முடிந்தால்தான் ஒன்பதைத் தொடங்கலாம். நான்கு முடிந்தால்தான் ஐந்து முதல் எட்டு வரை தொடங்கலாம். கை ஓய்ந்தவர், பட்டியலில் மேலே இருப்பதும் தொடங்கத்தக்கதுமான பணியை உடனே எடுத்துக்கொள்வார்.

மூவர் இருக்கும்போது நான்காம் பணி 4ஆம் நாள் முடிவில்தான் முடிகிறது. ஆகவே 3ஆம் நாள் முடிவில் கை ஓய்ந்தவருக்கு ஒன்பதாம் பணியைத் தவிர வேறு வழியில்லை. அது 12ஆம் நாள் முடிகிறது. நால்வர் இருந்தாலோ நான்காம் பணி 2ஆம் நாளே முடிந்து, அதன் பின்னே காத்திருந்த நான்கு பணிகளும் வரிசையில் முந்திக்கொள்கின்றன. எல்லோர் கையும் நிறைந்துவிட, மிக நீளமான ஒன்பதாம் பணி 6ஆம் நாள் முடியும்வரை காத்திருந்து, 15ஆம் நாள்தான் முடிகிறது. நான் இதைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்த பிறகே நம்பினேன்; இவ்வளவு சிறிய கணக்கில் இவ்வளவு பெரிய உண்மை ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஒன்பதாம் பணியைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுவந்தால் நால்வரும் 12 நாளில் முடித்துவிடுவார்கள். ஒன்றும் ஒன்பதும் அடுத்தடுத்து நடந்தாக வேண்டியிருப்பதால் அதற்குக் கீழே எத்தனை பேராலும் இறங்க முடியாது. எனவே ஆள் கேட்டு விண்ணப்பிக்கும் முன் பட்டியலின் வரிசையைப் பாருங்கள் என்றே நான் வற்புறுத்துவேன்.

இப்போது உங்கள் முறை. அதே மூவர், அதே பழைய வரிசை. ஆனால் ஒவ்வொரு பணியும் ஒரு நாள் குறைகிறது. 12 நாள் 13 ஆகிவிடும். ஒன்பதாவதை மேலே ஏற்றினால் எத்தனை நாள் ஆகும் என்று வரைந்து பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்; எனக்கு 10 வந்தது.